‘டெ ட்ரோ’வுக்கு ஓர் உதாரணம்

கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகக் காலமெல்லாம் குப்பை கொட்டியதில் எனக்கு மிஞ்சியது சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு வீடும் மண்டை நிறைய இங்கிலீஷும்தான். எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் தன் கடிதங்களில் பிரெஞ்சுச் சொற்களைத் தூவுவார். அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, அகப்பட்டவர்கள் தலையில் கொட்டுவதே ஓய்வுக்குப் பிறகு என் தொழில்.

அதிகம் அகப்பட்டவன் மருதப்பன். குவீன்ஸ்டவுனில் இருக்கிறான், ஏர்கான் ரிப்பேர் வேலை. மனைவி போனதிலிருந்து தனிக்கட்டை. நாலு வார்த்தை பேச நல்ல நாள் பார்க்கிறவன். அவன் ஒருநாள், “சிதம்பரம், பாசிர் ரிஸ்ல கமலம்னு ஒருத்தவங்க. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. கட்டிக்கலாமான்னு கேக்கப் போறேன்,” என்றான். “தேக்காவுல ஒரு தோசைக் கடையில சந்திக்கறோம். தனியாப் போனா பாக்கறவன் ஏதாவது சொல்வான். நீயும் வாடா.”

துணைக்குப் போனேன். முதல் ஞாயிறு நான்தான் பேசினேன். அடுத்த ஞாயிறும் நான்தான். கப்பல், காப்பீடு, என் ரத்தக் கொதிப்பு, ஒன்றையும் விடவில்லை. சபை நன்றாகக் களைகட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் தோசை வருவதற்குள் மருதப்பன் தொண்டையைச் செருமினான். “கமலம், ஒண்ணு கேக்கணும்னு...” என்று ஆரம்பித்தும்விட்டான். பாழாய்ப்போன என் கண் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்குப் போனது.

“அதோ பாருங்க! அந்த ஜோடிக்கு நடுவுல ஒருத்தன் போய் உக்கார்றான். இதுக்கு இங்கிலீஷ்ல ‘டெ ட்ரோ’ன்னு பேரு. பிரெஞ்சுலேர்ந்து வந்தது. ‘அளவுக்கு மேல’ன்னு அர்த்தம். ஆளைச் சொன்னா, வேண்டாத இடத்துல இருக்கறவன். ரெண்டு பேரு மனசுவிட்டுப் பேசறப்ப குறுக்க நந்தி மாதிரி உக்காந்திருப்பான் பாருங்க, அவன்தான். பழைய காலத்து வார்த்தை, இப்பல்லாம் யாரும் சொல்றதில்ல.”

“நல்லாப் புரியுதுண்ணே,” என்றார் கமலம். மருதப்பன் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னொரு தே தாரிக், அதான் நுரை பொங்க ஆற்றிய டீ, சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறும்போதுதான் உறைத்தது. அடச்சீ! அர்த்தத்தையும் சொல்லி உதாரணமாகவும் உட்கார்ந்திருக்கிறேனே! எந்த வாத்தியாராவது இப்படி மானம் கெட்டிருப்பானா?

மறு ஞாயிறு முழங்கால் வலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த ஊமைக்கோட்டான் தனியாகப் போய் என்னத்தைக் கேட்பான்? அவன் கடைசிவரை ஒண்டியாகவே கிடந்தால் அந்தப் பாவம் என் தலையில்தானே?

சாயங்காலம் இருவரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“கேட்டுட்டியாடா?” என்றேன்.

“இவரு எங்க கேட்டாரு? மூணு தே குடிச்சாரு. நான்தான் கேட்டேன்,” என்றார் கமலம். “போன வாரமே கேட்டிருப்பேன். நீங்க பாடம் நடத்திட்டு இருந்தீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். இனி ஞாயிற்றுக்கிழமை யாரோடு தோசை தின்பது என்றும் இருந்தது.

“பதிவுக்கு ரெண்டு சாட்சி வேணும்,” என்றான் மருதப்பன். “நீ ஒருத்தன். வந்துடு லா.”

“கையெழுத்துப் போட்டதும் போயிடறேன்டா, சத்தியமா.”

“அதெப்படி? சாப்பிட்டுத்தான் போகணும்ணே,” என்றார் கமலம். “வேற மேசையில.”