தீப்பிடிக்காத ஸ்காட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஒரு ஸ்காட்ச் பாட்டிலோடு வந்தான். கள்ளக்குறிச்சி வீட்டு மொட்டைமாடியில் என்னை உட்கார வைத்து, வயிறு பெருத்து வாய் சிறுத்த கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டான்.

"குடிச்சிடாத மாமா. மொதல்ல மோந்து பாரு. புகை வாசன வருதா?"

வந்தது. அந்தப் புகைக்குத்தான் விலையே என்றான். எங்கள் அடுப்படியில் அந்தக் காலத்தில் எவ்வளவு புகை. எல்லாவற்றையும் கூரை ஓட்டு இடுக்கு வழியாக வீணாக விட்டுவிட்டோம்.

இதே புகையை நான் முதலில் மோந்தது, இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷத்தில். மறியலுக்காக வெட்டிச் சாய்த்த ரோட்டோரப் புளியமரங்களெல்லாம் ரோட்டிலேயே படுத்திருந்தன. பஸ் கிடையாது. நாங்கள் அப்போது சங்கராபுரத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தோம். சிங்கப்பூரில் வெல்டராக இருந்த ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு, சங்கராபுரத்திலிருந்து மரம் மரமாக ஏறித் தாண்டி நடந்தே வந்தார். தோள்பையில் ஸ்காட்ச். மறியல்காரர்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போறியா? ஒடச்சிடாம எடுத்துக்கினு போ" என்று கைகொடுத்துத் தாண்ட வைத்தார்களாம். வழியில் அத்தனை பேரைக் கடந்தும் மூடி திறக்காமல் வந்த பாட்டில், அவருடைய நல்ல குணத்துக்குச் சாட்சி. எங்கள் வீட்டில் அந்தச் சாட்சி செல்லவில்லை.

அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. காலையில் வைத்த பூ வாடிவிட்டதென்று வேறு பூ வைத்துக்கொண்டாள். அப்பா இல்லாத வீடு. எங்கள் தாய்மாமன் சரி என்றால்தான் கல்யாணம்.

மாமா ருசி பார்ப்பதில் அந்தப் பக்கத்துக்கே நீதிபதி. மலையிலிருந்து இறங்கும் சாராயம் எதுவானாலும், குடிப்பதற்கு முன் தரையில் கொஞ்சம் ஊற்றி நெருப்புக்குச்சியைக் காட்டுவார். நீலமாகக் குப்பென்று பற்றினால் சரக்கு. பற்றாவிட்டால் தண்ணீர் கலந்த திருட்டு. ஸ்காட்ச்சுக்கும் அதே சட்டம். சிமெண்டுத் தரையில் ஊற்றினார். குச்சி அணைந்தது. இன்னொரு குச்சியும் அணைந்தது.

"இன்னா தம்பி, சாயத் தண்ணியா?"

"இத்த மெதுவா மோந்து பாக்கணும்ங்க. ரெண்டு சொட்டுத் தண்ணி வுட்டா வாசன இன்னும் தூக்கும்" என்றார் வெல்டர்.

"இன்னும் வேற வுடணுமா? ஏற்கெனவே வுட்டது பத்தலியா?"

மோந்தும் பார்த்தார். முகம் சுளித்தார். "ஊறலு காச்சறப்ப அடிபுடிச்சிகினு கீது. ஒரே புகை நாத்தம். நம்ம மலைக்காரன் இப்டி காச்சியிருந்தா அடுப்பையே ஒடச்சிருப்பாங்க. சரக்கே டூப்ளிகேட்டு. சிங்கப்பூரு மட்டும் ஒரிஜினலா இருக்குமா?"

வெல்டர் என்னைப் பார்த்தார். நான் கூச்சத்தில் பாட்டில் லேபிளைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இங்கிலீஷ் லேபிள் ஒரு வசதி. எவ்வளவு நேரம் பார்த்தாலும் தீராது.

அவர் வந்த வழியே மரம் தாண்டிப் போனார். அக்கா அன்று முழுக்க அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். கண் சிவந்திருந்தது. புகை ஜாஸ்தி என்றாள். மாமா தரையில் கொட்டித் தீர்த்த பாட்டிலில் அம்மா மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தாள். அது நன்றாகவே எரிந்தது.

அடுத்த தையில் மாமாவே ஒரு மாப்பிள்ளை பிடித்தார். அந்த மாப்பிள்ளை மலையிலிருந்து கொண்டுவந்த சாராயம் தரையில் ஊற்றியதும் முழங்கால் உயரத்துக்கு எரிந்தது. மாமா பூரித்துப் போனார். அந்த நெருப்பையே தினமும் குடித்து, மகன் பள்ளிக்கூடம் சேருமுன்பே அக்கா புருஷன் அணைந்து போனார்.

இப்போது மாமா இல்லை. தரையில் ஊற்றிக் குச்சி கிழிப்பவரும் இல்லை. மூடியில் இருக்கும் சீல் முத்திரையை எல்லாரும் நம்புகிறார்கள். புளியமரங்கள் கிடந்த ரோடு அகலமாகிவிட்டது. தாண்டுவதற்கு ஒரு மரமும் கிடையாது.

துணி எடுக்க அக்கா மாடிக்கு வந்தாள். மகன் கிளாஸை நீட்டினான். மோந்து பார்த்தாள்.

"அன்னிக்கு வூடு பூரா இந்த வாசனதான். எனக்கு நாத்தமா தெரில."

காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"என்னிக்கு மாமா?" என்றான் அவன்.

நான் பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்க்க ஆரம்பித்தேன்.