ஆபரேஷன் அறை வாசலில் அல்போன்சா

"எடுங்க. இன்னொரு பையில இருக்கதையும் எடுங்க."

அல்போன்சா சிஸ்டர் எனாமல் தட்டை நீட்டினால் தீப்பெட்டி, பீடிக்கட்டு, மூக்குப்பொடி டப்பா எல்லாம் அதில் விழும். மூக்குப்பொடியில் தீப் பிடிக்காதே என்று ஒருமுறை கேட்டேன். "தும்மக் கூடாதுல்ல கம்பவுண்டர்" என்றார். பத்து வருஷமாக இதே ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற என் சட்டைப் பையையும் அவர் நம்புவதில்லை.

நைலான் சேலை உரசினால் பொறி பறக்குமாம். கட்டி வந்த நர்ஸ்களைத் திருப்பி அனுப்பினார். தரையை ஓயாமல் ஈரத்துணியால் துடைக்க வைப்பார். எல்லாம் மயக்கம் கொடுக்கிற ஈதருக்குப் பயந்துதான். "அது மேல போவாது. எருமை கணக்கா தரையிலயே படுத்துக் கெடக்கும். ஒரு பொறி போதும்." வயிற்றில் தடவிய ஸ்பிரிட் உலரும்வரை டாக்டரே கத்தியோடு காத்திருக்க வேண்டும். முறைப்பார். "காயட்டும் ஐயா" என்பார் இவர். பயந்தாங்கொள்ளி என்று பின்னால் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

போன சித்திரையில் அய்யலூர் ஆட்டு வியாபாரி சோலைமுத்துவின் மனைவி மூக்காயி, குடல் முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். காலை பத்து மணி. வயிற்றைத் திறந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருந்த ஒரே டார்ச்சும் மினுக்கி அணைந்தது. "பெட்ரோமாக்ஸ்!" என்று டாக்டர் கத்தினார். நான் விளக்கைக் கொளுத்திக்கொண்டு ஓடினேன். வாசலில் சிஸ்டர் கைகளை விரித்து நின்றார்.

"அணைங்க அதை! உள்ள வந்தா அவளோட நாமளும் போயிருவோம்."

"இருட்டுல எப்படிம்மா தைக்கிறது? செத்துருவா!" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து.

சிஸ்டர் டாக்டர் அறையின் நிலைக்கண்ணாடியைக் கழற்றி, முற்றத்தில் நின்ற சோலைமுத்துவிடம் கொடுத்தார். "அண்ணே, சன்னல் வழியா வெயிலை உள்ள அடிங்க. கை ஆடக் கூடாது."

வெளிச்சம் சுவரில் தடுமாறி, இறங்கி, மூக்காயியின் வயிற்றில் நின்றது. சன்னலுக்குள்ளிருந்து சிஸ்டர் கை காட்டிய பக்கத்தை நான் சோலைமுத்துவின் அருகில் நின்று சொன்னேன்: "சித்த கெழக்கால... அம்புட்டுத்தான்." முக்கால் மணி நேரம். கண்ணில் இறங்கிய வேர்வையைக்கூட அவன் துடைக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

தையல் முடிந்ததும் சிஸ்டர் வெளியே வந்தார். "பொழச்சுக்கிட்டா அண்ணே. கண்ணாடியக் கீழ வைங்க."

"வேணாம் தாயி. அவ முழிக்கட்டும்."

சிஸ்டர் கண்ணாடியின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் பக்கத்தில் வெயிலில் நின்றார்.