பாஞ்சாலி மெஸ் டிவிக்குத் திருஷ்டி சுற்றிய நாள்

சேரப்பணஞ்சேரியில் பாஞ்சாலி மெஸ் எது என்று கேட்டால், ஒரகடம் கம்பெனிப் பையன்கள் "பொட்டி டிவி வெச்ச மெஸ்ஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அக்கம்பக்கத்து ஓட்டல்களிலெல்லாம் சுவரோடு ஒட்டின டிவி வந்தாயிற்று. பாஞ்சாலி மெஸ்ஸில் மட்டும் கடப்பைக்கல் பலகை மேல், முதுகு புடைத்துக்கொண்டு, ஒரு பழைய டிவி உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைமேல் எவர்சில்வர் சோம்பு டப்பா. விடிகாலையில் பாஞ்சாலி சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் 'டும்' என்று ஒன்று அதிரும், டப்பா மூடி கிலுங்கும், அப்புறம்தான் படம் வரும். மூடி கிலுங்கினால் முதல் ஈடு இட்லி இறங்கப்போகிறது என்று மாடி ரூம் பையன்கள் எழுந்துகொள்வார்கள்.

பாஞ்சாலிக்கு டிவி நேற்று வந்த சாமான் இல்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு டிவி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அதுவரை அவள் வீட்டில் கழனியைத் தாண்டி வேலைக்குப் போன பெண் கிடையாது. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த அட்டை வெளியே தெரிகிற மாதிரி துப்பட்டாவை ஒதுக்கிவிட்டுக்கொள்வாள். அதில் தப்பொன்றும் இல்லை.

அவளுக்குக் கொடுத்தது படம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க டிவி பார்க்கச் சம்பளமா என்று ஊர்ப் பெண்களுக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அவள் பார்த்தது சீரியலும் இல்லை, சினிமாவும் இல்லை. முழு வெள்ளைத் திரை, முழுச் சிவப்புத் திரை, கட்டம் கட்டமாய்க் கோடு, அவ்வளவுதான். படம் மேலும் கீழும் சுருங்கியிருந்தால் அதற்கு ஒரு பேர். நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடாக நின்றால் ஒரு பேர். நிற்காமல் உருண்டால் ஒரு பேர். மூலையில் நிறம் திரிந்து, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஊதாவோ பச்சையோ பூத்தால் 'ப்யூரிட்டி அவுட்'. லைன் ஓடுகிற வேகத்தில் பேரைச் சொல்லி, சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுவாள். சூப்பர்வைசர் கண்ணுக்குத் தப்புகிற எறும்பு கூட பாஞ்சாலி கண்ணுக்குத் தப்பாது என்று பேர் வாங்கியிருந்தாள்.

ஸ்டிக்கர் ஒட்டுவதோடு அவள் பாடு முடிந்தது. செட் உருண்டு, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ரிப்பேர் செக்‌ஷனுக்குப் போய்விடும். அங்கே அதற்கு என்ன வைத்தியம் நடந்தது என்பது ரிப்பேர்க்கார சாம்சன் அண்ணனுக்கும் கர்த்தருக்கும்தான் வெளிச்சம். நோய்க்குப் பேர் வைக்கத் தெரிந்தவள்; ஒன்றையாவது குணப்படுத்தியவள் இல்லை.

மெஸ்ஸில் இருக்கிற டிவியே ஒரு நாள் அவள் கையால் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கினதுதான். சாம்சன் சரிசெய்து, ஊழியர்களுக்கென்று விற்றபோது பாஞ்சாலி எடுத்துக்கொண்டாள். பீரோ, கட்டிலோடு அதுவும் சீராக, அவளைக் கட்டிக்கொண்ட சின்னப்பையன் வீட்டுக்கு வந்தது. சின்னப்பையன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. நீயே வேணாம்னு தள்ளினதை என் தலைல கட்டிட்டியே என்பான். உன்னையும் ரெண்டு தடவை வேணாம்னு தள்ளினேன், அப்புறம்தான் கட்டிக்கினேன் என்பாள் அவள்.

பெட்டி டிவிக்குக் கிராக்கி போய் லைனை மூடினபோது பாஞ்சாலி மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்ப் பையன்கள் முகத்தில் இருந்த பசியை அவள் வருஷக்கணக்காகப் பார்த்திருந்தாள். அடுப்பை மூட்டினாள். மெஸ் நடந்தது, நன்றாகவே நடக்கிறது.

இந்த ஆடி மாசத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திடீர் மழை. மறுநாள் எல்லையம்மனுக்குக் கூழ் வார்த்தல். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற கலைமணி, பந்தல் ஒழுகுகிறது அக்கா என்று, இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை மெஸ்ஸுக்குள் கொண்டுவந்து டிவிக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி நிறுத்திவிட்டுப் போனான். சாமி காரியம் என்று பாஞ்சாலியும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை டப்பா மூடி வழக்கம்போல் கிலுங்கிற்று. ஆனால் வந்த படத்தில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பாதி முகம் பச்சை, பாதி முகம் ஊதா. கலைமணி வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போன பிறகும் நிறம் அப்படியே நின்றது. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. கேபிள்காரன் கோளாறு என்றான் ஒருத்தன். மழை ஈரம் உள்ளே போய்விட்டது என்றான் இன்னொருத்தன். கார் கம்பெனியில் வேலை செய்கிற திருநெல்வேலிப் பையன் பேச்சிராஜ் ரூமுக்கு ஓடி ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றான். பாஞ்சாலி கரண்டியாலேயே அவனைத் தடுத்தாள். அணைத்து வைத்தாலும் அந்தப் பெட்டிக்குள் கரண்டு உட்கார்ந்திருக்கும், முதுகைத் திறக்கிற வேலையே வேண்டாம் என்றாள்.

சின்னப்பையன் கை கழுவிக்கொண்டே திரையைப் பார்த்தான். இந்த மூலை காலியானால் இன்னொரு டேபிள் போடலாம், சுவரில் தட்டையாக ஒன்றை மாட்டலாம் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

"மத்தியானம் சோத்துக்கு வரும்போது இது சரியா ஓடணும்," என்றான். "இல்லாங்காட்டி அப்படியே ஆட்டோல ஏத்தி காயலான் கடைல எறக்கிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"ஓடும். நான் சரி பண்ணி வெக்கிறேன், நீ வந்து பாரு."

அத்தனை பேர் முன்னால் வாய் சொல்லிவிட்டது. அவன் ஆட்டோ சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ப்யூரிட்டி அவுட். ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாள். சரி பண்ணு என்றால்?

ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. நிறம் திரிந்த செட் வந்தால் சாம்சன் அண்ணன் வலைக்கு வெளியே வருவார். கையில் முறம் அளவுக்கு ஒரு வளையம். அதைத் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுற்றுவார், சுற்றிக்கொண்டே பின்வாங்குவார். திரையில் நிறமெல்லாம் குளத்தில் கல் விழுந்த மாதிரி அலைந்து, பிறகு தெளியும். லைன் பெண்கள் அதற்குத் திருஷ்டி வளையம் என்றே பேர் வைத்திருந்தார்கள். வளையத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருதரம் கேட்டதற்கு, காந்தம் என்றுதான் அவர் சொன்னதாக அவளுக்கு நினைவு.

காந்தம்தானே. கோயிலுக்கு ஆள் அனுப்பி, கலைமணியிடம் கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு வளையக் காந்தம் வாங்கிவரச் சொன்னாள். பூரி அளவுக்கு வந்தது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, டிவிக்கு எதிரே நின்று, இடமிருந்து வலம் மூன்று சுற்று, வலமிருந்து இடம் மூன்று சுற்று, குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்றினாள். காந்தம் போன வழியெல்லாம் திரையில் ஒரு தடம் விழுந்தது. தடம் விழுந்தது விழுந்தபடியே நின்றது. பச்சையும் ஊதாவுமாக இருந்ததில் இப்போது மஞ்சளும் நீலமும் சிவப்பும் சேர்ந்துகொண்டன.

சாப்பாட்டு டோக்கனோடு உள்ளே வந்த பேச்சிராஜ் சிறிது நேரம் மரியாதையாக நின்று பார்த்தான். "எக்கா, இப்பந்தான் மயில் முழுசா தோகைய விரிச்சிருக்கு," என்றான்.

பாஞ்சாலிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று. சுவிட்சை அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். டக், டக் என்று சுவிட்சு சத்தம்தான் கேட்டது. மயில் அசையவில்லை. நாலாவது தரம் போடும்போது அவள் கை நின்றது. டப்பா மூடி ஏன் கிலுங்கவில்லை?

காலையில் கிலுங்கினது. தினமும் காலையில் கிலுங்குகிறது. இப்போது இத்தனை தரம் போட்டும் ஒரு தரம் கூட 'டும்' இல்லை.

அப்போதுதான் சாம்சன் சொன்னது முழுசாக நினைவுக்கு வந்தது; இத்தனை நாள் பாதியைத்தான் வைத்திருந்தாள். செட்டுக்கு உள்ளேயே ஒரு வளையம் இருக்கிறது தங்கச்சி என்றிருந்தார். கரண்டில் வந்து போகிற காந்தம் அது. ஆறிக் கிடந்த செட்டைப் போட்டால் தனக்குத் தானே ஒருதரம் சுற்றிக்கொள்ளும். சூடாக இருக்கும்போது சுற்றாது. லைனில் ஆறவிட நமக்கு ஏது நேரம், அதனால்தான் நான் கையால் சுற்றுகிறேன்.

காலையில் அது சுற்றினபோது கலைமணியின் இரண்டு பெட்டியும் இரண்டு பக்கமும் நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அவை போன பிறகு செட் ஆறவே இல்லை. போதாக்குறைக்கு இவள் வேறு, பிடித்த பிடியை விடாத காந்தத்தைக் கொண்டுவந்து சுற்றித் தொலைத்திருக்கிறாள்.

பாஞ்சாலி காந்தத்தைத் தெருவைத் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் வைக்கச் சொல்லி அனுப்பினாள். ரிமோட்டைத் தொடாமல் சுவரிலிருந்த சுவிட்சையே அணைத்தாள். "யாரும் கிட்ட போகக்கூடாது, தொட்டா இன்னிக்கு ரசம் கிடையாது" என்று அறிவித்துவிட்டுக் குழம்பு தாளிக்கப் போனாள்.

குழம்பு இறங்கிற்று, கூட்டு இறங்கிற்று, இரண்டு பந்தி எழுந்தது. நடுவில் முதுகுப் பக்கம் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். இட்லித் துணி மாதிரிதான் இதுவும். சூட்டோடு பிரித்தால் பிய்ந்துகொண்டுதான் வரும்.

சின்னப்பையன் வந்தான். கறுத்த திரையைப் பார்த்தான்.

"இன்னா, பூடுச்சா?"

"ஆறுது."

"ஆறுதா? டிவி இன்னா சோறாமே?"

"உனக்கு முன்னாடி வெச்சிருக்கிறதுதான் சோறு. அத துண்ணு."

அவன் தின்றான். தின்று முடிக்கிற வரைக்கும் அவள் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. போட்டுப் பாருங்களேன் அக்கா என்று பையன்கள் நச்சரித்தார்கள். அவளுக்கும் கை அரிக்கத்தான் செய்தது. மோர் ஊற்றினாள், இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள். அவன் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு டிவி எதிரில் வந்து நின்ற பிறகு, எல்லையம்மனை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

டும். சோம்பு டப்பா கிலுங்கிற்று.

படம் வந்தது. அடுத்த கணம் நிறமெல்லாம் நடுங்கிற்று, அலைந்தது, ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுங்கி மறைந்தது. செய்திப் பெண்ணுக்கு அவளுடைய சொந்த முகம் திரும்ப வந்தது. பேச்சிராஜ் விசில் அடித்தான். சின்னப்பையன் தோற்றுப்போன மனுஷன் மாதிரி பல் குத்திக்கொண்டிருந்தான்.

பாஞ்சாலி கிட்டே போனாள். வெள்ளையான விளம்பரம் ஒன்று வருகிற வரை காத்திருந்தாள். நாலு மூலையையும் பார்த்தாள். கீழே வலது மூலையில், வடை அளவுக்கு, இருந்தும் இல்லாத மாதிரி ஒரு ஊதா. அங்கே இருந்த அத்தனை பேரில் வேறு ஒருத்தர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் டிவி தப்பித்திருக்கும்.

"இன்னும் சரியாவல," என்றாள்.

"எங்க?" என்றான் சின்னப்பையன்.

"இதோ. வெள்ளைல ஊதா கீது பாரு. நான் லைன்ல இருந்தா இதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்தான் ஒட்டுவேன்."

அவன் குனிந்து பார்த்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பேச்சுப் பேச்சாக இருந்தால் இப்போதே தூக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டியதுதான். பையன்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்து, அவளைக் கேட்காமல், தானே சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான்.

"ஆறட்டும்," என்றான். "கோயிலுக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்."

கூழ் வார்த்து, அம்மன் வீதி சுற்றி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் மெஸ்ஸைத் திறந்தார்கள். அவள் சுவிட்சைப் போட்டாள். டும் என்றது, மூடி கிலுங்கிற்று, நிறம் ஒருதரம் சிலிர்த்து அடங்கிற்று. வெள்ளைத் திரைக்காகக் காத்திருந்து நாலு மூலையையும் பார்த்தாள். வேண்டுமென்றே இன்னொரு விளம்பரம் வரைக்கும் பார்த்தாள். பின்னால் நின்றவன், லைனில் நிற்கிற சூப்பர்வைசர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, ஓகேவா என்று கேட்டான்.

"ஓகே," என்றாள் பாஞ்சாலி.

அந்த வார்த்தையை லைனில் லட்சம் தரம் சொல்லியிருப்பாள். தன் கையால் தேற்றி எடுத்த ஒன்றுக்குச் சொல்வது இதுதான் முதல் தரம். அவளாகச் சிரித்துக்கொண்டு ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டி நின்றது. விழா முடிந்து கலைமணி, அதே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு, மறுபடி மழை வரும்போல இருக்கிறது அக்கா என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். பாஞ்சாலி மாவுக் கையோடு எட்டிப் பார்ப்பதற்குள் சின்னப்பையன் குறுக்கே போய்விட்டான்.

"டேய், டேய், அங்க இல்ல," என்றபடி ஒரு பெட்டியைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டான். "டிவி பக்கமே வராத. காத்து வர்ற அந்தக் கோடியில, தண்ணி டிரம்முக்குப் பின்னாடி வை. ஏன்னு கேட்டா அக்காவ கேளு."