பெரியம்மை நிரப்பிய குப்பி

என் பெரியம்மை பிச்சம்மாளுக்கு ஆஸ்பத்திரி என்றால் மிகவும் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் மருந்துக்குப் பயந்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். சுசீந்திரத்தில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்குவதற்குள், பஸ்ஸில் இருக்கும் பெண்களுக்கு என்னென்ன நோய் என்று விசாரித்து முடித்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், எடை பார்க்கும் கருவியில் கர்ப்பிணிகளுக்கு முன்னால் தான் ஏறி நிற்பாள்.

"கூடியிருக்கேனா பிள்ளே?" என்று நர்சு ஜெபகுமாரியைக் கேட்பாள். கூடியிருந்தால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

மருமகள் அழகியநாயகி, எனக்கு மதினி, இரண்டாவது முறை உண்டானபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் பெரியம்மைதான். அது 1953. அதற்கு முந்தைய பிரசவம் வீட்டில் நடந்தது. மாதம் ஏற ஏற மதினியின் கால் வீங்கியது. வழக்கமான நீர்தான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கடைசியில் வலிப்பு வந்து, குழந்தை இறந்தே பிறந்தது. மதினி கண் திறக்கவே வெகுநேரமானது.

"இந்தத் தடவை ரெண்டு பேரையும் உசிரோட வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அதுக்கு எந்த டாக்டர் காலுல வேணும்னாலும் விழுவேன்" என்றாள் பெரியம்மை.

டாக்டரம்மா திருவனந்தபுரத்துக்காரர், மலையாளந்தான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும் படித்திருந்ததால் பேச்சை மாற்றிச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார்கள்.

மதினியின் பழைய கதையைக் கேட்டதும் டாக்டரம்மா ஒரு கட்டளை போட்டார். ஒவ்வொரு முறை வரும்போதும், காலையில் முதலில் கழிக்கிற சிறுநீரைச் சுத்தமான குப்பியில் கொண்டுவர வேண்டும். வலிப்பு வரப்போகிறது என்றால் அது முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். நான் அப்படியே சொன்னேன். பெரியம்மையின் முகம் சுருங்கியது.

அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வந்த எதுவும் அந்நியர் கைக்குப் போகக்கூடாது. போனால் செய்வினை வைத்துவிடுவார்கள். மதினி தலை சீவினால் உதிர்ந்த முடியைப் பெரியம்மையே பொறுக்கி அடுப்பில் போடுவாள். முதல் குழந்தை போனதற்கு, வெளுக்கப் போட்ட சேலை ஒன்று திரும்பி வராததுதான் காரணம் என்பது அவள் கணக்கு.

டாக்டரம்மாவைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலைகளில் மதினியிடமிருந்து குப்பியை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் வாழை மூட்டில் கொட்டிவிடுவாள். குப்பியை வெந்நீரில் கழுவி, தன்னுடையதை நிரப்பிக்கொண்டு வருவாள். செய்வினை வைத்தால் தனக்கு வைக்கட்டும் என்ற துணிச்சல்தான். எங்கள் யாருக்கும் இது தெரியாது.

ஏழாம் மாதம் மதினியின் பிறந்தவீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அதிரசமும் பெரிய ஓலைப்பெட்டிகளில் வந்து இறங்கின. அதே வாரம் பரிசோதனையில், கண்ணாடிக் குழாயில் காய்ச்சிய நீல மருந்து செங்கல் நிறமாக மாறியது. டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

"சிறுநீரில் சர்க்கரை போகிறது. இனிப்பு கூடாது, சோறு பாதி போதும்" என்று நான் மாற்றிச் சொன்னேன்.

பெரியம்மை வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாதபோது விழுந்து விழுந்து சிரித்தாளாம். தன் உடம்பில் நோயே கிடையாது, சோதனைதான் புளுகு என்பது அவள் தீர்மானம்.

மதினிக்கோ கிலி பிடித்துவிட்டது. பெட்டியின் பக்கமே போகாமல், பாதிச் சோறும் ராகிக் கூழுமாக நாளை ஓட்டினாள்.

"ஏட்டி, ஒண்ணு தின்னுட்டி. டாக்டரம்மை பாக்கவா போறா?"

"வேண்டாம் அத்தை. பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும்."

"ஒண்ணும் ஆவாது. நான் சொல்லுகேன்லா!"

"நீங்க என்ன டாக்டருக்குப் படிச்சேளா?"

பலகாரம் வீணாகிறதே என்று பெரியம்மை தானே தின்று தீர்த்தாள். அடுத்த சோதனையில் நிறம் இன்னும் கடுத்தது.

"களவாகத் தின்கிறாள்" என்றார் டாக்டரம்மா. மதினி பிள்ளை மேல் ஆணையிட்டு அழுதாள். எடைக் கருவியில் பெரியம்மை கூடியிருந்தாள், மதினி கூடவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் பெரியம்மை மதினிக்குக் கால் கழுவிவிட்டபோது, மிஞ்சி வீங்கிய விரலுக்குள் புதைந்து கிடந்ததைப் பார்த்தாள். எவ்வளவு எண்ணெய் போட்டு இழுத்தும் கழலவில்லை. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. காட்டிக்கொடுக்க வேண்டிய தண்ணீர் வாழைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று ஆஸ்பத்திரி நாள் இல்லை. ஆனாலும் உடனே கிளம்பச் சொன்னாள். வழியெல்லாம் பஸ்ஸில் ஒருத்தியிடமும் பேசவில்லை.

டாக்டரம்மா முன்னால் நின்றதும் என் கையைப் பிடித்தாள்.

"நான் சொல்லுகத அப்படியே சொல்லு மக்கா. குறைக்காதே. குப்பியில இருந்தது எல்லாம் என்னுது."

நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். மதினி வாயைத் திறந்தபடி மாமியாரையே பார்த்தாள்.

"அத்தை! ராகிக் கூழு குடிச்சு என் நாக்கு செத்துப் போச்சு!"

"திட்டு மக்கா. வீட்டுக்குப் போயி அடிக்கக்கூடச் செய்யி" என்ற பெரியம்மை என்னிடம் திரும்பினாள். "இப்ப இவளைச் சோதிக்கச் சொல்லு."

ஜெபகுமாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப நீரிழிவு இந்த அம்மாவுக்குத்தான்!"

"எனக்கா? எனக்கு என்ன கேடு?" என்று சீறிய பெரியம்மை, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள்.

மதினியின் சிறுநீர் அங்கேயே சோதிக்கப்பட்டது. பெரியம்மை ஒரு நிபந்தனை போட்டாள்: காய்ச்சி முடித்து, மிச்சத்தைக் கொட்டிக் கழுவுகிறவரை தான் பக்கத்தில் நிற்பாள். ஜெபகுமாரி சம்மதித்தாள். குழாயில் சர்க்கரையின் நிறம் வரவில்லை. ஆனால் இன்னொரு குழாயைச் சுடவைத்தபோது திரிந்த பால்போல் ஆனது; அதுதான் வலிப்புக்கு முன்னறிகுறி. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. பிரசவம் வரை மதினி இங்கேயே படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

வார்டில் மதினிக்கு உப்பில்லாக் கஞ்சி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்த பெரியம்மைக்குச் சீனியில்லாக் காப்பி. ஒருத்தி சாப்பாட்டை மற்றவள் காவல் காத்தாள். மதினி தினமும் உப்புக்குக் கெஞ்சினாள். கிடைக்காத கோபத்தில் பெரியம்மையின் காப்பியை வாங்கி மோந்து பார்த்தாள். குப்பியும் தினமும் போனது. பெரியம்மை அதற்குப் பின்னாலேயே போய் நின்று, குழாய் தெளிகிறதா என்று பார்த்துவந்தாள்.

வலி எடுத்த அன்று எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். மதினியின் புருஷன் தாணப்பன் அண்ணன் வயலிலிருந்து நேராக வந்து, தாயிடம் எதுவும் கேட்கப் பயந்து சுவரோரம் நின்றான். உள்ளே குழந்தை வீறிட்டது. பெரியம்மை அசையவில்லை. ஜெபகுமாரி கதவைத் திறந்தாள்.

"பொம்பளப் பிள்ளை. நல்லா இருக்கு."

"அவ கண்ணைத் தொறந்தாளா?"

"கண்ணையும் தொறந்தா, வாயையும் தொறந்தா. ரொம்பப் பசிக்காம்."

பெரியம்மை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கஞ்சிக்கு உப்புப் போடலாமா? அதை முதல்ல கேளு" என்றாள் என்னிடம்.

"இன்னும் கொஞ்ச நாளு கூடாதும்மா" என்று ஜெபகுமாரியே பதில் சொன்னாள்.

"அப்ப நீயே போயி அவகிட்ட சொல்லு பிள்ளே. எனக்குத் தைரியம் கிடையாது."