ஆவடியில் ஒரு வாய்ச்சண்டை

நான் ஆவடியில் பிறந்து வளர்ந்து அங்கேயே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எங்கள் பக்கம் சண்டை என்றால் வாய்தான். வெட்டுவேன், குத்துவேன் என்று தொண்டை கிழியக் கத்துவோம். கத்தி முடித்ததும் கோபமும் தீர்ந்துவிடும். பிறகு ஒரே கடையில் டீ குடிப்போம்.

போன வருஷம் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் பைக்கில் வந்த ஒருவன் என் ஆட்டோவின் கண்ணாடியை உடைத்துவிட்டான். இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா மொறைக்கிற? நாளிக்கி இந்தப் பக்கம் வந்தே, மவனே, வெட்டி ஏரில போட்ருவேன்!"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் விடாமல் அடித்தான். வாயெல்லாம் ரத்தம், இரண்டு பற்கள் நாக்கில் உருண்டன. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் ஓடிவந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள்.

"இன்னாத்துக்குடா அட்ச்ச? பேசிகினுதானே இர்ந்தோம்?" என்றேன்.

அவன் திமிறுவதை நிறுத்தினான். "எங்க திருநெல்வேலிப் பக்கம் சொன்னா செஞ்சிருவாவ அண்ணாச்சி. எங்க அண்ணன்ட்ட இப்படிச் சொன்னவன் மறுநாளே வெட்டிட்டான்."

அதற்குள் ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் இடுப்பில் மிதித்தான்.

"உட்ருங்கடா அவன" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினேன்.

இப்போதும் தினம் யாரோடாவது சண்டைதான். ஆனால் 'வெட்டுவேன்' மட்டும் வாயில் வருவதில்லை. பல்லோடு தைரியமும் போய்விட்டது என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தால் போதும், நான் பார்த்தேயிராத அந்தத் திருநெல்வேலிக்காரனின் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, வெறும் வாய்ப்பேச்சு என்று எங்களைப் போலவே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது தெரிகிறது.