பூனைக்குட்டியின் இடது கண்

முதலில் பார்த்தபோது அந்தக் குட்டிக்குக் கண்கள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. பிறை தொழிற்பேட்டையிலிருந்து வரும் தொழிற்சாலை பஸ் என்னைப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், ஒரு கைக்குள் அடங்கிவிடும் சாம்பல் நிறக் குட்டி ஒன்று சக்கரத்தில் முட்டி, திரும்பி வந்து என் காலணியில் முட்டியது. கண் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் மஞ்சள் சீழ் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. எனக்குப் பூனைகள் மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஆனால் என் வேலையே நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, நகத்தளவுப் பாகங்களில் கீறல் தேடுவது. ஒரு பழுதைப் பார்த்துவிட்டால் பார்க்காததுபோல் நடந்து போக எனக்கு வராது. குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வந்தேன்.

விலங்கு மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, நிதானமானவர். சளியோடு வரும் தொற்றுதான், பயப்பட வேண்டாம், ஆனால் சரியாகக் கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார். காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சு மறு கண்ணில் படக் கூடாது. சொட்டு மருந்து நாளுக்கு நான்கு முறை, பத்து நாள். கண் தெளிந்துவிட்டாலும் பத்து நாள் என்பதை மலாயில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொன்னார். நான் தலையை நன்றாகவே ஆட்டினேன். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புகிறவள் நான் என்பதும், தனியாக இருக்கிறேன் என்பதும் வீட்டுக்கு வந்து குட்டியைக் கீழே விட்ட பிறகுதான் உறைத்தது.

பகலில் வீட்டிலிருக்கும் ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. அவரும் எங்கள் தொழிற்சாலைதான். சொல்லப்போனால், நான் இரவு ஷிப்டில் இருந்தபோது என் பிரிவின் சூப்பர்வைசர். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் நான் கெஞ்சிக் கேட்டுப் பகல் ஷிப்டுக்கு மாறியிருந்தேன். எங்கள் பிரிவில் ஒரு நோட்டு உண்டு. ஒரு ஷிப்ட் முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு எழுதி வைக்கும் நோட்டு. நேரம், பழுது, காரணம், கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். காரணம் என்ற கட்டத்தில் மற்ற சூப்பர்வைசர்கள் 'இயந்திரம்' என்றோ 'தூசி' என்றோ எழுதிவிட்டுப் போவார்கள். அக்கா ஆள் பெயரை எழுதுவார், பணி எண்ணோடு. என் பெயர் அதில் இரண்டு முறை ஏறியிருந்தது. அந்த இரண்டையும் நான் மறக்கவில்லை. அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் லிப்டில் பார்த்தால் கைப்பேசியை நோண்டுகிறவளாக இருந்தேன்.

இரவு வேலை முடித்து அவர் வந்து சேரும் நேரம் பார்த்து, அன்று மட்டும் தாமதமாக வருகிறேன் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டு, அவர் வீட்டு இரும்புக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். குட்டியைப் பார்க்கக்கூட இல்லை அவர். "எத்தன மணிக்கு, எத்தன சொட்டு, எழுதிக் குடு. வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேணாம் லா" என்றார். அப்படியாக ஒரு நோட்டு என் வீட்டுக்குள்ளும் வந்து குளிர்சாதனப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டது. முதல் பக்கத்தின் தலையில் 'பத்து நாள்' என்று எழுதி, தொழிற்சாலை நோட்டைப் போலவே கட்டம் போட்டேன். அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தேன்.

அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவேயில்லை. காலையும் இரவும் நான், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அவர். தூக்கத்தில் பாதியில் அலாரம் வைத்து எழுந்து வருவார் போலிருக்கிறது. முதல் நாள் அவர் எழுதியிருந்தது இன்னும் எனக்கு மனப்பாடம். 'வலது ஒரு சொட்டு. இடது ஒரு சொட்டு. ஒத்துழைக்கவில்லை.' இரண்டாம் நாள், துண்டில் சுற்றிப் பிடித்தால் சுலபம் என்று படம் வரைந்து காட்டியிருந்தார். மூக்கடைப்பால் வாசனை தெரியாமல் சாப்பிட மறுக்கிறது, தீனியைச் சுடுநீரில் குழைத்துச் சூடாக வை என்று எழுதியவரும் அவர்தான். நான்காம் நாள் குறிப்பைப் படித்துவிட்டு நான் நின்றுகொண்டே சிரித்தேன். 'மூன்று மணி மருந்து, மூன்று இருபத்தைந்துக்கு. தாமதம். மடியில் தூங்கிவிட்டது.' யாரை எதிரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனோ, அவருடைய கையெழுத்தைப் படிக்க வேலை முடிந்து ஆசையாக ஓடி வந்துகொண்டிருந்தேன்.

தவறு ஐந்தாம் நாள் நடந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால், சரிசெய்த பிறகு தொடர்ந்து மூன்று முறை சோதித்துப் பார்ப்பார்கள். மூன்றும் சரியாக இருந்தால் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு 'முடிந்தது' என்று எழுதிவிடுவோம். அதற்குமேல் அதைத் திரும்பிப் பார்ப்பது நேர விரயம். பதினைந்து இருபது வருடம் இதையே செய்த கை அக்காவுடையது. இரண்டு கண்களும் பளிச்சென்று திறந்துவிட்டன, மூன்று வேளை தொடர்ந்து சீழ் இல்லை. சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. அன்றிரவு அதைப் பார்த்த நான் என்ன செய்தேன்? முதல் பக்கத்தைத் திருப்பினேனா? இல்லை. கோட்டுக்குக் கீழே சந்தோஷமாக என் கையெழுத்தையும் போட்டேன். மருந்துப் போத்தலை மூடி உள்ளே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது குட்டி சோபாவுக்கு அடியில் போய் ஒடுங்கியிருந்தது. வலது கண் நன்றாக இருந்தது. இடது கண்ணை இறுக்க மூடியிருந்தது. மெல்லத் திறந்து பார்த்தேன். விழியின் மேல் பால் சிந்தியதுபோல் நீலம் கலந்த வெள்ளை. எத்தனை ஆயிரம் கீறல்களைக் கண்டுபிடித்திருப்பேன், இந்த ஒரு கண்ணைக் கோட்டை விட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் மருத்துவர், புண்ணைக் காட்டும் பச்சை மருந்தைக் குட்டியின் கண்ணில் விட்டுப் பார்த்தார். கருவிழியில் புண். எப்போது மருந்தை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. புது மருந்து தந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விட வேண்டும், பார்வை திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, புண் ஆழமானால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கழுத்தில் சிறிய வளையம் மாட்டிய குட்டியை வீட்டில் விட்டு, நடந்ததையெல்லாம் நோட்டில் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அதில் அவர் யார் பெயரை எழுதுவார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பாதி நாள் வேலைக்குப் போனேன்.

இரவு வந்து பார்த்தால் அந்தக் கட்டத்தில் அக்காவின் முழுப் பெயர் இருந்தது. பக்கத்தில் அவருடைய பணி எண். எனக்குத் தாங்கவில்லை. அதற்குக் கீழே என் பெயரையும் எண்ணையும் எழுதினேன். மறுநாள் என் பெயர் நேர்கோடாக அடிக்கப்பட்டிருந்தது. 'இவள் பத்து நாள் என்று சரியாக எழுதியிருந்தாள். நான்தான் கோடு போட்டேன்' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து அக்கா விடுப்பு. தீபாவளிக்கு மறுநாளே வேலைக்கு வந்துவிடுகிற அவர், ஒரு பூனைக்குட்டிக்காக இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். என்ன காரணம் சொல்லி எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிவில்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் மடியில் துண்டை விரித்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். இருவரும் அந்த ஒரு கண்ணையே மாறி மாறிப் பார்ப்போம். வெள்ளை குறைந்திருக்கிறதா என்று அவர் கேட்பார். குறைந்த மாதிரிதான் இருக்கு என்பேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

இரண்டாவது வாரக் கடைசியில் இருவரும் குட்டியோடு கிளினிக்குக்குப் போனோம். மருத்துவர் மறுபடி பச்சை மருந்தை விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது என்றார். பார்வை இருக்கிறதா என்று நான் கேட்டேன். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவர் வலது கண்ணைக் கையால் மறைத்துவிட்டு, இடது பக்கத்தில் ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் கீழே விட்டார். குட்டி அசையவில்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று சொல்லி, தலையைத் தடவிக்கொடுத்து இன்னொரு முறை விட்டார். இந்த முறை சின்னத் தலை பஞ்சோடு கூடவே இறங்கியது. நான் பெருமூச்சு விட்டேன். "லாகி செகாலி, டாக்டர்" என்றார் அக்கா, இன்னும் ஒரு தடவை என்று மலாயில். மருத்துவர் விட்டார், தலை திரும்பியது. அடுத்தும் திரும்பியது. போதும் என்று நான் கூண்டை எடுக்கப் போனபோது அக்கா என் கையைத் தடுத்தார். லாகி செகாலி. வெளியே நாயோடும் பூனையோடும் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த நல்ல மனுஷி சிரித்துக்கொண்டே பஞ்சைப் போட்டுக்கொண்டேயிருந்தார், கடைசியில் குட்டி பாய்ந்து அதைக் கவ்விக் கடிக்கும்வரை.

இன்று அக்கா ஓய்வு பெற்று சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். பூனை அவரோடு போய்விட்டது, கேட்டுக்கொண்டா கூட்டிப்போனார், பெட்டியோடு பெட்டியாக ஏற்றிவிட்டார். கொழுத்துப்போய்ச் சோம்பேறியாகக் கிடக்கும் அதன் படங்கள் வாரத்துக்கு நான்கு வருகின்றன. உற்றுப் பார்த்தால்தான் இடது கண் ஓரத்தில் அந்தப் புண் விட்டுப்போன வெள்ளைப் புள்ளி தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், கிளினிக்கை விட்டு வெளியே வந்த அந்தப் பகல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அக்கா காரில் ஏறி உட்கார்ந்தார், சாவியைப் போடவில்லை. கூண்டைத் திறந்து குட்டியைத் தூக்கி, அதன் இடது பக்கமாகத் தன் முகத்தைக் கொண்டுபோனார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னத் தெரியுதா உனக்கு?" என்று கேட்டார். குட்டி கையை நீட்டி அவர் மூக்கைத் தொட்டது.