சத்தியம் பண்ணாத வீடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கணவர் அடித்து வீங்கிய கன்னத்தோடு லண்டன் பிளேஸ்டோவில் இருந்த அப்பா வீட்டுக்குத் திரும்பினேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு எடுத்திருந்தேன்.

எங்களுடையது மெனோனைட் சபை வீடு. சொந்தக்காரர்களுக்கே அது விளங்காது. “வேதக்காரரிலயும் இதென்ன புது ரகமோ?” என்று நக்கலடிப்பார்கள். எண்பதுகளில் ஊரில் நடந்த போருக்குத் தப்பி லண்டன் வந்த அப்பாவுக்கு முதலில் தங்க இடம் கொடுத்தவர்கள் அந்தச் சபையார். ஆயுதமே தொடாத கிறிஸ்தவர்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா அவர்களோடேயே சேர்ந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது. அடி எப்படி வலிக்கும் என்பதே கல்யாணம் ஆகும்வரை எனக்கு மறந்துபோயிருந்தது.

அம்மா கன்னத்தில் ஐஸ் ஒற்றினார். அப்பாவோ, “மன்னிக்கிறதுதான் பிள்ளை எங்கட வழி. அவர் வந்து கூப்பிட்டால் போ,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடிக்கக் கூடாதெண்டு சொல்லித் தந்தீங்கள் அப்பா. அடி வாங்கச் சொல்லித் தரேல்லையே?”

அப்பா மேசையில் இருந்த பைபிளைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். மனம் மாறியது போலத் தெரியவில்லை. நான் போகத்தான் வேண்டும் என்று அவர் நின்றால் எனக்கு லண்டனில் வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வந்த சற்று நேரத்தில் கணவர் வந்தார். ஷேவ் எடுத்து, டை கட்டி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். “கோபத்தில அடிச்சுப்போட்டன் மாமா,” என்றார். அப்பாவின் முகம் இளகியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அப்பா என்னை அனுப்பியே இருப்பார். கணவருக்கு அது போதவில்லை. மேசையில் இருந்த பைபிளின் மேல் கையை வைத்தார்.

“இதுக்கு மேல சத்தியம் மாமா. இனி அவளைத் தொடமாட்டன்.”

எங்கள் சபையில் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குச் சத்தியம் எதற்கு என்று அப்பா கேட்பார். இதைக் கணவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். மனிதர் காதில் வாங்கினால்தானே!

அப்பா பைபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சும்மா சொன்னால் நம்பேலாதெண்டு உமக்கே தெரியுது, தம்பி,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ சொல்லு பிள்ளை.”

நான் கணவரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“மன்னிச்சிட்டன். ஆனால் வரமாட்டன்.”

அப்பா எழுந்து போய், வாசலில் மாட்டியிருந்த கணவரின் கோட்டை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார்.